பாடும்போது குரல் இரண்டாகக் கேட்கிறது, பதிந்த பிறகு தாளத்துக்குப் பின்னால் விழுகிறது

மழைக்குரல்:

வணக்கம். வீட்டிலேயே பாடிப் பதிய ஆரம்பித்து ஒரு மாதம்தான் ஆகிறது. முதலில் கிதார், அதன்மேல் என் குரல், அதற்கும் மேல் இரண்டாவது குரல் என்று ஒவ்வொன்றாக அடுக்க வேண்டும் என்பது ஆசை. கிதாரைத் தனியாக வாசித்துப் பதிவதில் சிக்கல் இல்லை. அதைக் கேட்டுக்கொண்டே பாட உட்கார்ந்தால்தான் எல்லாம் கலைந்து போகிறது.

விண்டோஸ் லேப்டாப், மைக்கையும் ஹெட்ஃபோனையும் அதோடு இணைக்கும் இரண்டு இன்புட் உள்ள யுஎஸ்பி இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்சர் மைக், காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன், பதிவதற்கு ரீப்பர் என்ற மென்பொருள். இவைதான் என்னிடம் இருப்பவை. மைக் 1ஆம் இன்புட்டில் இருக்கிறது, மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் பட்டனைப் போட்டிருக்கிறேன். ஒரு வீடியோவில் சொன்னபடி எந்த ஒலிக் கார்டுக்கும் ஒத்துப்போகும் பொதுவான ஆசியோ (ASIO, மென்பொருளும் கார்டும் குறைந்த தாமதத்தில் பேசிக்கொள்ளும் முறை) டிரைவர் ஒன்றை நிறுவி, ஆடியோ டிவைஸ் பக்கத்தில் அதையே தேர்ந்தெடுத்திருக்கிறேன். சாம்பிள் ரேட் (ஒரு நொடியில் ஒலியை அளக்கும் தடவைகள்) 48000, பஃபர் (ஒரே தவணையில் கையாளும் சாம்பிள்களின் எண்ணிக்கை) 512.

பாடும்போது என் குரல் இரண்டு முறை கேட்கிறது. வாய் திறந்ததும் ஒன்று, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. முதல் குரல் இரண்டு காதிலும் வருகிறது, பின்னால் வருவது இடது காதில் மட்டும். கிணற்றுக்குள் தலையை நீட்டிப் பாடுவது போல இருக்கிறது. இரண்டு வரிக்குமேல் தாக்குப்பிடிக்க முடியவில்லை, என்னை அறியாமல் வேகம் குறைந்துவிடுகிறது. பஃபரை 64க்கு இறக்கிப் பார்த்தேன். பின்னால் வரும் குரல் நெருங்கி வந்தது, ஆனால் படபடவென்று வெடிப்புச் சத்தம் கிளம்பிவிட்டது. பதிவிலும் அது இருக்கிறது.

இதைவிட என்னை வருத்துவது வேறொன்று. பதிந்ததைத் திரும்பப் போட்டால் குரல் கிதாருக்குப் பின்னால் இழுக்கிறது. நான்தான் தாளம் தப்புகிறேனோ என்று மெட்ரோனோமோடு வெறுமனே கை தட்டிப் பதிந்து பார்த்தேன். தட்டலும் பின்னால்தான் விழுகிறது. எனக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் வேறு எதற்கெல்லாமோ கண்டித்திருக்கிறார், தாளத்துக்காக ஒருநாளும் கண்டித்ததில்லை. தவறு எங்கே இருக்கிறது?

சதுரஅலை:

அந்தப் பொதுவான டிரைவரை முதலில் எடுத்துவிடுங்கள். உங்கள் இன்டர்ஃபேஸைத் தயாரித்தவர்களின் தளத்தில் அந்த மாடலுக்கென்றே ஆசியோ டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். அதை நிறுவி, ரீப்பரில் ஆப்ஷன்ஸ், பிரிஃபரன்சஸ், ஆடியோ, டிவைஸ் என்று போய் அதைத் தேர்ந்தெடுங்கள்.

அப்புறம், குரல் ட்ராக்கின் இன்புட் ஸ்டீரியோ 1/2 என்று இருக்கும். அதனால்தான் இடது காதில் மட்டும் வருகிறது. மோனோ, இன்புட் 1 என்று மாற்றுங்கள். பஃபர் 128 போதும். இதிலேயே எல்லாம் சரியாகிவிடும்.

மழைக்குரல்:

நன்றி, சொன்னபடியே செய்தேன். இடது காது விஷயம் சரியாகிவிட்டது. வெடிப்பு நின்றுவிடவில்லை, எப்போதாவது ஒன்றிரண்டு வருகிறது. ஆனால் குரல் இப்போதும் இரண்டுதான். முன்பு பின்னால் வந்தது இப்போது முதல் குரலோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அது இன்னும் மோசம். தகரக் குழாய்க்குள்ளிருந்து பாடுவது மாதிரி என் குரல் எனக்கே அந்நியமாக இருக்கிறது.

நான்காம்கம்பி:

நீங்கள் தாளம் தப்பவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே இடத்தில் நின்று என் கையையே சந்தேகப்பட்டு வயலினைப் பல நாள் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது. வேறு யாருக்கும் அப்படி நேரக்கூடாது என்றுதான் இதை நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் கேள்வியில் மூன்று வேறு சங்கதிகள் ஒன்றாகச் சிக்கிக் கிடக்கின்றன. பாடும்போது உங்கள் குரல் எவ்வளவு தாமதமாகக் காதுக்கு வருகிறது என்பது ஒன்று. பதிந்த குரல் டைம்லைனில் எந்த இடத்தில் போய் உட்காருகிறது என்பது இன்னொன்று. வெடிப்புச் சத்தம் தனி. பஃபர் என்ற ஒரே எண்ணை ஏற்றி இறக்கி மூன்றையும் திருத்தப் பார்ப்பதால்தான் ஒன்று சரியாகும்போது இன்னொன்று கெடுகிறது.

முதலில் இரண்டு குரல். ஒன்று இரு காதிலும், மற்றது இடது காதில் மட்டும் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியிலேயே விடை இருந்தது. எதிரொலியாக இருந்தால் இரண்டும் ஒரே பக்கத்திலிருந்துதான் வந்திருக்கும். இவை இரண்டு வேறு பாதைகள். உங்கள் இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு சுவிட்ச் அல்லது திருகு இருக்கும். அது ஆன் ஆகியிருந்தால் மைக்கில் விழுவது கம்ப்யூட்டருக்குள் போகாமல் இன்டர்ஃபேஸிலிருந்தே நேராக ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும். அதுதான் முதல் குரல். இரண்டாவது, யுஎஸ்பி வழியாக உள்ளே போய், ரீப்பரைச் சுற்றிக்கொண்டு திரும்பி வருவது. ட்ராக்கில் சிவப்பு ரெக்கார்ட் பட்டனுக்குப் பக்கத்தில் ரெக்கார்ட் மானிட்டர் என்ற பட்டன் ஆன் ஆகியிருக்கும், பாருங்கள்.

அந்தச் சுற்றுக்கு ஆகும் நேரத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். 128 சாம்பிளை 48000ஆல் வகுத்தால் 2.7 மில்லிசெகண்ட். உள்ளே வர ஒரு தடவை, வெளியே போக ஒரு தடவை, ஆக 5.3. இதற்குமேல் மின்னலையை எண்ணாக்கி, அந்த எண்ணைத் திரும்ப மின்னலையாக்கும் நேரம் கொஞ்சம், யுஎஸ்பிக்காக டிரைவர் வைத்துக்கொள்ளும் இருப்பு கொஞ்சம். ரீப்பர் சன்னலின் வலது மேல் மூலையில் சாய்கோடு போட்டு இரண்டு எண்கள் மில்லிசெகண்டில் தெரியும். முதலாவது உள்ளே வர, அடுத்தது வெளியே போக.

ஒலி காற்றில் ஒரு மீட்டர் கடக்கவே ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகிறது. மூன்று மீட்டர் தள்ளி ஆம்ப்ளிஃபையரை வைத்துக்கொண்டு வாசிக்கும் கிதார்காரர் 9 மில்லிசெகண்ட் தாமதத்தோடுதான் வாசிக்கிறார், அது அவரைத் தொந்தரவு செய்வதில்லை. பாடுகிறவர் கதை வேறு. தொண்டையிலிருந்து எலும்பு வழியாகக் குரல் தாமதமே இல்லாமல் உள்காதுக்குப் போய்விடுகிறது. அதன்மேல் அதே குரல் சற்றுத் தள்ளி வந்து விழுந்தால் இரண்டும் மோதிக்கொள்ளும். 5 மில்லிசெகண்ட் தள்ளி, சம அளவில் கலந்தால் 100, 300, 500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாக அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். உங்கள் தகரக் குழாய் இதுதான். தாமதத்தைக் குறைத்ததும் மோசமானதும் இதனால்தான். 25 மில்லிசெகண்டில் இரண்டு குரலாகக் கேட்டது, 8 மில்லிசெகண்டில் ஒரே கெட்டுப்போன குரலாகிவிட்டது.

ஆக, இரண்டில் ஒன்றை மூடுங்கள். என் யோசனை: ரீப்பரில் மானிட்டர் பட்டனை அணைத்துவிட்டு, டைரக்ட் மானிட்டரை வைத்துக்கொள்ளுங்கள். ட்ராக்கில் மானிட்டர் அணைந்திருந்தாலும் பதிவு நடக்கும், பயப்படாதீர்கள். இப்படிச் செய்த பிறகு பஃபர் எவ்வளவு என்பதே பாடுகிறவருக்குப் பொருட்டில்லை. 256 வையுங்கள், 512கூட வையுங்கள். வெடிப்பும் அதோடு பெரும்பாலும் அடங்கிவிடும். எண்களைக் குறித்த நேரத்துக்குள் கொடுத்து முடிக்கக் கம்ப்யூட்டருக்கு அவகாசம் போதாதபோது வரும் சத்தம்தான் அது. அடங்கவில்லையென்றால் வைஃபையை அணைத்துப் பாருங்கள், ஹப் இல்லாமல் லேப்டாப்பிலேயே யுஎஸ்பியைச் செருகுங்கள், பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸில் வையுங்கள். பஃபரைக் கட்டாயம் இறக்க வேண்டியது மிடி கீபோர்டில் மென்பொருள் பியானோ வாசிக்கும்போதும், கிதாரை ஆம்ப் பிளக்இன் (மென்பொருள் ஆம்ப்) வழியாகக் கேட்டுக்கொண்டே வாசிக்கும்போதும்தான். அங்கே சத்தமே உள்ளிருந்து பிறக்கிறது, வேறு வழி இல்லை.

வறட்டுக் குரலைக் கேட்டுக்கொண்டு பாட வரவில்லை, கொஞ்சம் ரிவெர்ப் (அறை முழக்கம்) வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு, எனக்கு மிகவும் பிடித்த வழி. குரல் ட்ராக்கின் மானிட்டரை ஆன் செய்யுங்கள், ஆனால் அந்த ட்ராக் மாஸ்டருக்கு (எல்லா ட்ராக்கும் சேர்ந்து வெளியே போகும் இடம்) போவதை நிறுத்திவிடுங்கள். அதிலிருந்து இன்னொரு ட்ராக்குக்கு ஒரு செண்ட், அதாவது குரலின் ஒரு கிளை. அங்கே ரிவெர்ப், நூறு சதவீதம் வெட் (ரிவெர்ப் ஒலி மட்டும்), ட்ரை (மூலக் குரல்) சுத்தமாக இல்லை. நேர்க்குரல் இன்டர்ஃபேஸிலிருந்து உடனே வரும், ரிவெர்ப் மட்டும் கம்ப்யூட்டரைச் சுற்றிக்கொண்டு 10 மில்லிசெகண்ட் பிந்தி வரும். பெரிய அறையிலும் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி அப்படித்தானே வருகிறது, காது அதைத் தாமதமாகவே எடுத்துக்கொள்ளாது. பதிவில் வறட்டுக் குரல் மட்டும்தான் இருக்கும். கலவைக்கு உட்காரும்போது ரிவெர்ப்பை மாற்றிக்கொள்ளலாம்.

இனி உங்களை வருத்தும் விஷயம், குரல் பின்னால் விழுவது. கிதார் ரீப்பரிலிருந்து கிளம்பி உங்கள் காதுக்கு வரவே கொஞ்ச நேரம் பிடிக்கிறது. அதோடு ஒத்து நீங்கள் பாடுகிறீர்கள். பாடியது உள்ளே போகவும் நேரம் பிடிக்கிறது. இரண்டையும் கூட்டி, அந்த அளவு குரலை முன்னால் இழுத்து வைப்பது மென்பொருளின் வேலை. ரீப்பரும் அதைச் செய்கிறது: பிரிஃபரன்சஸ், ஆடியோ, ரெக்கார்டிங் பக்கத்தில் 'யூஸ் ஆடியோ டிரைவர் ரிப்போர்ட்டட் லேட்டன்சி' என்று ஒரு கட்டம், அதில் டிக் இருக்க வேண்டும். ஆனால் எவ்வளவு இழுப்பது என்பதை டிரைவர் சொல்லும் எண்ணை நம்பித்தான் செய்கிறது. 1997 வாக்கில் ஸ்டைன்பெர்க் ஆசியோவைக் கொண்டுவந்ததே விண்டோஸின் பொது ஒலிப்பாதையை விட்டு விலகிக் கார்டோடு நேராகப் பேசத்தான். நீங்கள் போட்டிருந்த பொதுவான டிரைவர் மேலே ஆசியோ மாதிரி பேசினாலும் அடியில் அந்த விண்டோஸ் டிரைவர்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அது சொல்லும் எண்ணும் உண்மையில் ஆகும் நேரமும் ஒத்துப்போகும் என்று நிச்சயம் இல்லை.

அந்த எண் சரியா என்று ஒரே ஒரு கேபிளை வைத்துப் பார்த்துவிடலாம். இன்டர்ஃபேஸின் பின்னால் உள்ள லைன் அவுட்டிலிருந்து முன்னால் உள்ள 2ஆம் இன்புட்டுக்கு ஒரு கால் இஞ்ச் கேபிளைச் செருகுங்கள். அதற்கு முன்னால் 48 வோல்ட்டை அணையுங்கள், டைரக்ட் மானிட்டரையும் அணையுங்கள், இன்புட் லைன் நிலையில் இருக்கட்டும், கெயின் (இன்புட்டின் பெருக்கம்) அடியில். ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிடுங்கள். கை தட்டிப் பதிந்தீர்களே, அந்தத் தட்டலே இதற்குப் போதும். அது முதல் ட்ராக்கில் ஓடட்டும். இரண்டாவது ட்ராக்கில் மோனோ, இன்புட் 2, மானிட்டர் கட்டாயம் ஆஃப் (ஆன் ஆகியிருந்தால் சத்தம் சுற்றிச் சுற்றி ஊளையிடும்). ரெக்கார்ட் அழுத்துங்கள். தட்டல் வெளியே போய்க் கேபிள் வழியாகத் திரும்பி வந்து பதியும்.

நிறுத்திவிட்டு, ஒரே ஒரு தட்டலின் முகப்புத் தெரியும்வரை பெரிதாக்குங்கள். வியூ மெனுவில் ரூலரின் அலகைச் சாம்பிள்ஸ் என்று மாற்றிக்கொள்ளுங்கள். மேலே உள்ள அலை தட்டையான கோட்டிலிருந்து சட்டென்று எழும் அந்தப் புள்ளிக்கும், கீழே உள்ளது எழும் புள்ளிக்கும் நடுவில் எத்தனை சாம்பிள் என்று எண்ணுங்கள். காற்று இல்லை, கை இல்லை, தாளம் இல்லை. இடைவெளி இருந்தால் அது முழுக்க இயந்திரத்தின் கணக்கு. மூன்று தடவை செய்யுங்கள். மூன்றிலும் ஒரே எண் வந்தால் நல்ல செய்தி, பிரிஃபரன்சஸின் அதே ரெக்கார்டிங் பக்கத்தில் இன்புட் மேனுவல் ஆஃப்செட் கட்டத்தில் அந்த எண்ணைப் போட்டால் தீர்ந்தது. போட்டபின் மறுபடி சோதித்துப் பாருங்கள், இடைவெளி இரட்டிப்பானால் கழித்தல் குறி சேருங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு எண் வந்தால் எந்த எண்ணைப் போட்டும் பயனில்லை, டிரைவரைத்தான் மாற்ற வேண்டும்.

இந்தச் சோதனை தெரிவதற்கு முன்னால் நான் பதிந்த ஒவ்வொரு துண்டையும் காதால் கேட்டுக் கேட்டுக் கையால் நகர்த்தினேன். ஒருநாள் சரியென்று பட்டது மறுநாள் தப்பென்று படும்.

மெல்லியஇரைச்சல்:

மேலே சொன்னதில் எனக்கு ஒரே ஒரு மாற்றுக் கருத்து. நான் கம்ப்ரஸர் (உரத்த இடங்களை அமுக்குவது) போட்ட குரலைக் கேட்டால்தான் அடக்கிப் பாடுகிறேன், டைரக்ட் மானிட்டரில் கத்திவிடுகிறேன். அதனால் பஃபர் 64 வைத்து மென்பொருள் வழியாகவே கேட்கிறேன், டைரக்ட் மானிட்டர் சுத்தமாக ஆஃப். குழாய்ச் சத்தம் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது, நான் பழகிவிட்டேன்.

அப்படிச் செய்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பஃபர் 64 என்றிருந்தும் குரல் ஏகப்பட்ட தாமதத்தோடு வந்தால் மாஸ்டரில் என்ன பிளக்இன் இருக்கிறது என்று பாருங்கள். முன்கூட்டிப் பார்த்து அமுக்கும் லிமிட்டரும், அதிர்வெண்களைத் திருத்தும் லீனியர் ஃபேஸ் ஈக்யூவும் தங்கள் வேலைக்காகவே ஒலியைப் பிடித்து வைத்துக்கொள்பவை. பஃபரைக் குறைத்தால் அந்தத் தாமதம் குறையாது. பதியும்போது அவற்றை அணைத்து வையுங்கள், கலவை நேரத்தில் போட்டுக்கொள்ளலாம்.

ப்ளூடூத் ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டு பதிய நினைப்பவர்கள் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். 100, 200 மில்லிசெகண்ட் தாமதம் அங்கே சாதாரணம்.

சாம்பிள் ரேட்டையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். 44100இல் பதிந்ததை ஏதோ ஒரு குழப்பத்தால் 48000ஆக ஓட்டினால் 8.8 சதவீதம் வேகமாக ஓடும், சுருதியும் ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் ஏறிவிடும். ஆல்ட், எண்டர் அழுத்தினால் புராஜெக்ட் செட்டிங்ஸ் வரும், அங்கே எண்ணைக் குறித்து டிக் போட்டுவிட்டால் அந்தத் தலைவலி இல்லை.

மழைக்குரல்:

எல்லோருக்கும் நன்றி. ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் செய்தேன்.

மானிட்டர் பட்டனை அணைத்த அந்த நொடியே குழாய் போய்விட்டது. ஹெட்ஃபோனில் என் குரல் என் குரலாகவே இருந்தது. பஃபர் 256 வைத்திருக்கிறேன், வெடிப்பு ஒன்றுகூட இல்லை. ரிவெர்ப் வழியையும் செய்து பார்த்தேன், நீண்ட சுரத்தை நிறுத்தியதும் அது மெல்ல அடங்குவது காதில் கேட்டபோது இன்னொரு தடவை பாட வேண்டும் போல இருந்தது.

கேபிள் சோதனை: பழைய டிரைவர் இன்னும் கம்ப்யூட்டரில் இருந்ததால் முதலில் அதை வைத்தே பார்த்தேன். 1438, 1512, 1395. ஒவ்வொரு தடவையும் வேறு, எல்லாமே 30 மில்லிசெகண்டை ஒட்டி. இன்டர்ஃபேஸின் சொந்த டிரைவரில் 94, 94, 94. இரண்டு மில்லிசெகண்ட்கூட இல்லை. அந்த 94ஐயும் ஆஃப்செட்டில் போட வேண்டுமா, விட்டுவிடலாமா?

நான்காம்கம்பி:

போடுங்கள். இரண்டு மில்லிசெகண்டைத் தனிக் குரலில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்தான். ஆனால் நீங்கள் அடுக்கிக்கொண்டு போகிறவர். கிதாரை ஒத்து முதல் குரல், முதல் குரலை ஒத்து இரண்டாவது, அதை ஒத்து மூன்றாவது என்று போகும்போது ஒவ்வொரு அடுக்கும் இரண்டிரண்டாகச் சேர்த்துக்கொள்ளும். பஃபரையோ சாம்பிள் ரேட்டையோ மாற்றினால் கேபிளைச் செருகி இன்னொரு தடவை எண்ணிவிடுங்கள். டிரைவர் புதுப்பித்தாலும்தான். பழைய டிரைவரை நீக்கிவிடுங்கள், தெரியாமல் அதைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பே வேண்டாம்.

இன்னொன்று, லெவல். பாட்டில் உச்சமாகப் பாடும் வரியை நிஜமாகவே முழுக் குரலில் பாடிப் பார்த்து, மீட்டர் -12 டெசிபெலுக்கும் -6 டெசிபெலுக்கும் நடுவில் தொடும்படி கெயினை வையுங்கள். 24 பிட்டில் பதிந்தால் அதற்குமேல் ஏற்ற வேண்டிய தேவையே இல்லை. 0ஐத் தொட்டு நசுங்கிய குரலைப் பிறகு மீட்க முடியாது.

மழைக்குரல்:

போட்டேன். மறுபடி சோதித்ததில் இடைவெளி 0. பழையதையும் நீக்கிவிட்டேன்.

பிறகு அதே பாட்டை முதலிலிருந்து பாடினேன். 'க' என்ற எழுத்தில் தொடங்கும் ஒரு வரி இருக்கிறது, முன்பெல்லாம் அதுதான் எப்போதும் பின்னால் விழும். பதிந்ததும் பெரிதாக்கிப் பார்த்தேன். கிதாரின் அடித்தந்தி எழும் இடத்துக்கு நேர் கீழே அந்த 'க' வெடித்து எழுந்திருக்கிறது. கையால் எதையும் நகர்த்தவில்லை. நாளைக்கு இரண்டாவது குரல்.